நான்மொழிப் பேரவையும் ஐக்கிய முன்னணியும்: 1952ஆம் ஆண்டுச் சென்னை மாநிலத்தில் ஒரு மாற்று ஆட்சி முயற்சி

முன்னுரை

நாடாளுமன்ற மக்களாட்சியில் ஆட்சியமைக்கும் உரிமை எண்ணிக்கையால் பெறப்படுவது. ஒரு கட்சி பாதிக்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றுவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. எந்தக் கட்சியும் அவ்வளவு இடங்களைப் பெறாதபோதுதான் வினாக்கள் எழுகின்றன. இடங்களில் முதல்நிலை பெற்ற கட்சி ஆள்வதா, அதனை எதிர்த்து வென்ற பல கட்சிகள் ஒன்றுகூடி ஆள்வதா? ஒன்றுகூடியதாகக் கூறுவோர் உண்மையிலேயே ஒன்றுபட்டவர்களா என்பதை யார், எவ்வாறு, எங்கே அறிவது? இவ்வினாக்கள் இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் நடந்த முதற் பொதுத்தேர்தலிலேயே எழுந்துவிட்டன. அவை கூர்மையாக எழுந்த களங்களுள் முதன்மையானது 1952ஆம் ஆண்டின் சென்னை மாநிலம்.

அன்றைய சென்னை மாநிலம் இன்றைய தமிழ்நாடு அன்று. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்னும் நான்கு மொழிகளைப் பேசும் மக்கள் ஒரே பேரவைக்கு உறுப்பினர்களை அனுப்பிய மாநிலம் அது. அங்கு எதிர்க்கட்சிகள் 'ஐக்கிய ஜனநாயக முன்னணி' என்னும் பெயரில் ஒன்றுகூடி, பெரும்பான்மையற்ற காங்கிரசுக்கு மாற்றாக ஆட்சியமைக்க முனைந்தன. அம்முயற்சி நிறைவேறவில்லை. ஆளுநரின் முடிவே அதற்குக் காரணம் என்பது பெருவழக்கான விளக்கம். அவ்விளக்கம் உண்மையே எனினும் முழுமையானதன்று. முன்னணியின் உள்ளமைப்பும், அம்மாநிலத்தின் மொழிச்சூழலும் அதன் தோல்வியில் பெற்ற பங்கு இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது.

தேர்தல் முடிவும் எண்களின் நிலையும்

1952ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றப் பேரவையின் இடங்கள் 375. ஆட்சியமைக்கத் தேவையான குறைந்த எண்ணிக்கை 188. காங்கிரஸ் பெற்றவை 152. இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி 62 இடங்களையும், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35 இடங்களையும், தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், கிருஷிகார் லோக் கட்சி 15 இடங்களையும், சோஷலிஸ்டுக் கட்சி 13 இடங்களையும் பெற்றன. காமன்வீல் கட்சிக்கு 6, முஸ்லிம் லீக்கிற்கு 5 என இடங்கள் அமைந்தன. சுயேச்சைகள் 62 பேர். எஞ்சிய சில இடங்கள் பார்வர்டு பிளாக் முதலிய சிறு கட்சிகளுக்குச் சென்றன. காங்கிரசைச் சாராத உறுப்பினர்களின் மொத்த எண்ணிக்கை 223 ஆயிற்று.

விடுதலை பெற்று ஐந்து ஆண்டுகளுக்குள் காங்கிரஸ் இந்நிலைக்கு வந்தமைக்குக் காரணங்கள் பல. தொடர்ந்த மழைப்பொய்ப்பு, உணவுத் தட்டுப்பாடு, பங்கீட்டு முறையின் கெடுபிடி, உழவரிடமிருந்து கட்டாயமாக நெல் கொள்முதல் செய்தமை, இராயலசீமையில் நிலவிய பஞ்சம், கைத்தறி நெசவாளர்களின் நலிவு ஆகியவை மக்களிடையே வெறுப்பை வளர்த்திருந்தன. ஆந்திர மாவட்டங்களில் தனி மாநிலக் கோரிக்கை நிறைவேறாத மனக்குறையும் சேர்ந்துகொண்டது. முதலமைச்சர் பூ. ச. குமாரசாமி இராஜா திருவில்லிபுத்தூரில் தோற்றார். பக்தவத்சலம், கோபால ரெட்டி முதலிய அமைச்சர்களும் தோல்வியுற்றனர். அனந்தபூரில் நீலம் சஞ்சீவ ரெட்டியைக் கம்யூனிஸ்டுத் தலைவர் நாகி ரெட்டி வென்றார்.

இவ்வெண்களை மொழிப் பகுதி வாரியாகப் பிரித்து நோக்கும்போது வேறொரு காட்சி புலப்படுகிறது. தமிழ்ப் பகுதியின் 190 இடங்களில் காங்கிரஸ் 96 இடங்களைப் பெற்றது. இது பாதியைக் காட்டிலும் ஒன்றே மிகுதி. தெலுங்குப் பகுதியின் 143 இடங்களில் அது பெற்றவை 43 மட்டுமே. கம்யூனிஸ்டுகள் அங்கு 40 இடங்களைப் பெற்று ஏறத்தாழ அதற்கு இணையாக நின்றனர். மலபாரின் 29 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை நான்கே. எஞ்சிய 9 இடங்கள் தென்கன்னடத்தில் கிடைத்தவை. எனவே, 'சென்னை மாநிலம் காங்கிரசைப் புறக்கணித்தது' என்று பொதுவாகக் கூறுவதைக் காட்டிலும், தெலுங்குப் பகுதியும் மலபாரும் அதனைப் புறக்கணித்தன என்றும், தமிழ்ப் பகுதி இரு கூறாக நின்றது என்றும் கூறுவதே பொருந்தும். பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

முன்னணியின் தோற்றம்

தேர்தல் முடிவுகள் வெளிவந்தபின் காங்கிரசல்லாத கட்சிகளுள் பல ஒன்றுகூடி ஐக்கிய ஜனநாயக முன்னணியை அமைத்தன. ஆந்திர கேசரி எனப்பட்ட டங்குடூரி பிரகாசம் அதன் தலைவரானார். கம்யூனிஸ்டுகளும் பிரஜா கட்சியினரும் அதன் இரு தூண்கள். தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி முதலிய சிறு கட்சிகளும் சுயேச்சைகள் சிலரும் அதனுடன் சேர்ந்தனர். தமக்கு 166 உறுப்பினர்களின் ஆதரவு உண்டு என்று முன்னணியினர் உரிமை கோரினர்.

பிரகாசத்தின் தலைமை வரலாற்றுப் பொருத்தம் உடையது. அவர் 1946 ஏப்ரல் முதல் 1947 மார்ச் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். காங்கிரசின் உட்பூசலால் பதவி இழந்தவர். பின்னர் அக்கட்சியினின்று விலகி, ஆச்சார்ய கிருபளானி 1951இல் தொடங்கிய கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியில் சேர்ந்தார். நீண்ட காலக் காங்கிரஸ்காரர் ஒருவரைத் தலைவராக ஏற்றதன் மூலம், கம்யூனிஸ்டு ஆட்சி வந்துவிடும் என்னும் அச்சத்தைத் தணிக்க முன்னணி முயன்றது எனலாம்.

முன்னணி கோரிய எண்ணிக்கை இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. 166 என்பது காங்கிரசின் 152ஐ விட 14 மிகுதி. ஆயின் தேவையான 188ஐ விட 22 குறைவு. எதிர்த்து நின்ற இரு தரப்பாருள் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. காங்கிரசைச் சாராதவர்கள் 223 பேர் என்பது உண்மை. அவர்களுள் 57 பேர் முன்னணியிலும் சேரவில்லை என்பதும் அதே அளவு உண்மை. சோஷலிஸ்டுக் கட்சி முன்னணியில் சேராது விலகி நின்றது. என். ஜி. ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சி, பிரகாசத்துடன் ஏற்பட்ட பிணக்கில் பிறந்தது. அது அவரது தலைமையை ஏற்கும் நிலையில் இல்லை. 'காங்கிரசல்லாதோர்' என்னும் தொகையும் 'முன்னணியினர்' என்னும் தொகையும் ஒன்றல்ல. அக்காலத்து அரசியல் உரைகளில் இவ்விரு தொகைகளும் ஒன்றாகவே மயங்கின.

ஆளுநரின் முடிவு

1952 மார்ச்சில் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றவர் ஸ்ரீபிரகாசா. அரசியலமைப்பின் 164ஆம் உறுப்பு முதலமைச்சரை ஆளுநர் அமர்த்துவார் என்று மட்டுமே கூறுகிறது. யாரை அமர்த்துவது என்று கூறவில்லை. அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அதே உறுப்பு விதிக்கிறது. எனவே ஆளுநர் தம் முன்னிருந்த இரு வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவரானார்.

அவர் தனிப்பெருங் கட்சியை அழைக்கும் வழியைத் தெரிந்தெடுத்தார். முன்னணி தேர்தலுக்குப் பின் தோன்றியது. பொதுவான தேர்தல் அறிக்கையுடன் மக்களிடம் சென்று வாக்குப் பெற்றதன்று. அதன் உறுப்புக் கட்சிகள் தேர்தலில் ஒன்றையொன்று எதிர்த்தும் நின்றன. இவை அம்முடிவுக்குச் சார்பாகக் கூறப்பட்ட காரணங்கள். காங்கிரஸ் இராஜாஜியைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தெரிந்தெடுத்தது. அவர் தேர்தலில் நிற்கவில்லை. இரு அவைகளுள் எதிலும் உறுப்பினராக இல்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10ஆம் நாள் இராஜாஜி முதலமைச்சராகப் பதவியேற்றார்.

இந்நியமனம் கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகத்தொண்டு ஆகியவற்றில் சிறப்பறிவோ பட்டறிவோ உடையோரை மேலவைக்கு நியமிக்க 171ஆம் உறுப்பு இடமளிக்கிறது. இராஜாஜியின் இலக்கியத் தகுதியை எவரும் மறுக்கவில்லை. ஆனால் தேர்தலைச் சந்திக்காத ஒருவரை முதலமைச்சராக்குவதற்கு அவ்விதி ஒரு கருவியாகலாமா என்பதே எழுந்த வினா. கம்யூனிஸ்டுத் தலைவர் பி. இராமமூர்த்தி சென்னை உயர்நீதிமன்றத்தில் இதனை எதிர்த்து வழக்கிட்டார். நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. காங்கிரசுக்குள்ளும் தயக்கம் இருந்தது. எவ்வாறேனும் பதவியைப் பற்றிக்கொண்டு பிறரை விலக்கிவைக்க விரும்பும் கட்சி என்னும் தோற்றம் ஏற்படலாகாது என்று பிரதமர் நேரு எச்சரித்தார். இராஜாஜி இடைத்தேர்தல் வழியாகப் பேரவைக்கு வர வேண்டும் என்பதும் அவரது கருத்து. இராஜாஜி அதற்கு உடன்படவில்லை.

சட்ட நோக்கில் ஆளுநரின் செயல் வரம்பு மீறியது எனக் கூற இயலாது. மரபு நோக்கில் அது குறைபாடுடையது. இரு தரப்பாருக்கும் பெரும்பான்மை இல்லாத நிலையில், மிகுதியான எண்ணிக்கையைக் கோரிய தரப்பின் கோரிக்கை ஆளுநர் மாளிகையில் மதிப்பிடப்பட்டதேயன்றிப் பேரவையில் சோதிக்கப்படவில்லை. முன்னணி தோற்றிருக்கக்கூடும். ஆயினும் அது மக்கள் பிரதிநிதிகளின் முன்னிலையில் தோற்றிருக்க வேண்டும் என்று வாதிட்டோரின் கூற்றில் உண்மை உண்டு.

பேரவையில் நம்பிக்கை வாக்கு

இராஜாஜி பதவியேற்ற நாளுக்கும் பேரவையில் நம்பிக்கை வாக்குப் பெற்ற நாளுக்கும் இடையில் 84 நாள்கள் கழிந்தன. அவ்விடைக்காலத்தில் எண்கள் மாறின. காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் இடம்பெற்றார். சிறு கட்சிகளையும் சுயேச்சைகளையும் சேர்ந்த பலர் ஆளுங்கட்சியின் பக்கம் வந்தனர். 1952 சூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்க அரசு எடுத்த முடிவு மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும் இழப்பை உண்டாக்கிய காரணங்களுள் ஒன்று இதனால் அகன்றது. கம்யூனிஸ்டுகளே தம் முதற் பகைவர் என்று பேரவையில் வெளிப்படையாக அறிவித்ததன் வாயிலாக இராஜாஜி, முன்னணியில் சேர்ந்திருந்த பிறரையும் கம்யூனிஸ்டுகளையும் பிரித்துக் காட்டினார்.

1952 சூலை 3ஆம் நாள் நம்பிக்கைத் தீர்மானம் வாக்கெடுப்பிற்கு விடப்பட்டபோது ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் விழுந்தன. 152 என்னும் எண் 200 ஆயிற்று. 166 என்று கோரப்பட்ட எண் 151ஆகக் குறைந்தது. பெரும்பான்மையற்று அமைந்த அரசு பெரும்பான்மை அரசாயிற்று. பதவியில் இருப்பதே ஆதரவைத் திரட்டும் ஆற்றல் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. யார் முதலில் அழைக்கப்படுகிறார் என்பது வெறும் வரிசைமுறைச் சிக்கலன்று, முடிவையே தீர்மானிக்கக்கூடியது. பிரகாசம் முதலில் அழைக்கப்பட்டிருந்தால் சுயேச்சைகள் எப்பக்கம் சென்றிருப்பர் என்னும் வினாவை எழுப்புவது பிழையாகாது.

முன்னணியின் உள்முரண்

எனினும் முன்னணி ஆட்சி ஏறியிருந்தால் நிலைத்திருக்குமா என்பது தனி வினா. முன்னணியை ஒன்றாக இணைத்தது காங்கிரஸ் எதிர்ப்பு. அதனைப் பிரிக்கக்கூடியவை மூன்று.

முதலாவது கொள்கை. காந்தியவழியில் வந்த பிரஜா கட்சியினரும், தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் நினைவு மாறாதிருந்த கம்யூனிஸ்டுகளும் நிலச்சீர்திருத்தம், தொழில், காவல்துறை ஆகியவற்றில் ஒருமித்த கருத்துடையவர் அல்லர்.

இரண்டாவது சமூக அடிப்படை. தமிழ்ப் பகுதியில் உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் வட மாவட்டங்களில் வன்னியர் சமூகத்தின் அரசியல் உரிமைக்காகத் தோன்றியவை. தேர்தலில் நிற்காத திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஆதரவு அவற்றுக்குக் கிடைத்தது. ஆட்சியில் இடம் பெறுவதன் மூலமே தம் மக்களின் கோரிக்கைகள் நிறைவேறும் என்று கருதிய இக்கட்சிகளுக்கு, எதிர்க்கட்சி வரிசையில் நெடுங்காலம் இருப்பது இயல்பான நிலையன்று. காமன்வீல் கட்சி 1952இலும், உழைப்பாளர் கட்சி காமராசர் முதலமைச்சரான 1954இலும் அமைச்சரவையில் இடம்பெற்றமை இதனை மெய்ப்பிக்கிறது.

மூன்றாவதும் மிக ஆழமானதும் மொழிவழி மாநிலச் சிக்கல். ஆந்திர மாநிலம் அமைய வேண்டும் என்பதில் தெலுங்கு உறுப்பினரிடையே கட்சி வேறுபாடு இல்லை. ஆனால் சென்னை நகரம் யாருக்கு என்பதில் தெலுங்கரும் தமிழரும் எதிரெதிர் நின்றனர். சென்னை நகர்மீதான உரிமையை ஆந்திரர் விட்டுக்கொடுத்தால் ஆந்திர மாநிலம் அமைக்கலாம் என்று நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா ஆகியோரைக் கொண்ட குழு 1949இல் கூறியது. பின்னர் அமைந்த பிரிவினைக் குழுவில் பிரகாசம் இப்பொருளில் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். சென்னை தமிழருக்கே என்று ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் இயக்கம் நடத்தியது. இந்நிலையில் பிரகாசத்தின் தலைமையில் அமையும் ஆட்சி, தமிழ் உறுப்பினர்களின் ஆதரவோடு சென்னை நகரம் பற்றி முடிவெடுக்க வேண்டிவந்திருக்கும். முன்னணியின் வலிமை பெரும்பாலும் தெலுங்குப் பகுதியிலும் மலபாரிலும் இருந்தது. மாநிலம் பிரிந்தால் அவ்வலிமையும் உடன் பிரிந்துசெல்லும். தன் முதன்மையான கோரிக்கை நிறைவேறும் நாளே தன் இறுதி நாளாக அமையும் ஒரு கூட்டணியாக அது இருந்தது.

இதற்கு வரலாறே சான்று. 1952 அக்டோபர் 19இல் உண்ணாநோன்பு தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15இல் சென்னையில் உயிர்நீத்தார். சில நாள்களில் ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1ஆம் நாள் கர்னூலைத் தலைநகராகக் கொண்டு அம்மாநிலம் தோன்றியது. அதன் முதல் முதலமைச்சர் பிரகாசமே. ஆனால் அவர் இம்முறை காங்கிரசின் துணையுடன் ஆட்சியமைத்தார். 1952இல் அவரைத் தலைவராக ஏற்ற கம்யூனிஸ்டுகள் எதிரில் அமர்ந்தனர். 1954 நவம்பரில் மதுவிலக்கைப் பற்றிய சிக்கலில் அவ்வமைச்சரவை ஒரே வாக்கு வேறுபாட்டில் வீழ்ந்தது. சென்னையில் முன்னணியின் பெயரால் ஒன்றுகூடியவர்கள் மூன்று ஆண்டுகளுக்குள் ஒருவரையொருவர் வீழ்த்தும் நிலைக்கு வந்தனர்.

திருவிதாங்கூர்-கொச்சி: ஓர் ஒப்பீடு

இதே காலத்தில் அண்டை மாநிலமான திருவிதாங்கூர்-கொச்சியில் நிகழ்ந்தவை ஒப்பிட்டு நோக்கத்தக்கவை. அங்கு 1952இல் 108 இடங்களில் காங்கிரஸ் 44 இடங்களையே பெற்றது. தமிழ் பேசும் வட்டங்களைச் சென்னையுடன் இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 8 இடங்களைப் பெற்றது. அதன் ஆதரவைப் பெற்று ஏ. ஜே. ஜான் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. 1953இல் அவ்வாதரவு விலக்கிக்கொள்ளப்பட்டதும் அமைச்சரவை வீழ்ந்தது.

சென்னையில் மொழிச்சிக்கல் எதிர்க்கட்சிகளின் கூட்டைத் தளர்த்தியது. திருவிதாங்கூர்-கொச்சியில் அதே சிக்கல் ஆளுங்கட்சியின் கூட்டை உடைத்தது. ஒரு மொழிப் பகுதியினரின் அடிப்படைக் கோரிக்கை, ஆட்சி அமைப்புக்கான பேரப்பொருளாக நெடுங்காலம் நீடிக்க இயலாது என்பதை இரு நிகழ்வுகளும் ஒருங்கே உணர்த்துகின்றன. 1956 நவம்பர் 1இல் நிகழ்ந்த மாநிலச் சீரமைப்பு அக்கோரிக்கைகளைப் பேரவையின் எண்கணக்கிலிருந்து விடுவித்தது. அந்நாளில் மலபார் கேரளத்துடனும், தென்கன்னடம் மைசூருடனும், கன்னியாகுமரிப் பகுதி சென்னையுடனும் சேர்ந்தன.

சொற்களும் பொருள் மயக்கமும்

இவ்வரலாற்றை எழுதும்போது பயன்படும் தமிழ்ச் சொற்கள் சில, தெளிவு கருதி ஆராயத்தக்கவை. 'தனிப்பெருங் கட்சி' என்பது பிற கட்சிகளோடு ஒப்பிட்டுப் பெறப்படும் பொருள் உடையது. 'பெரும்பான்மைக் கட்சி' என்பது முழுமையோடு ஒப்பிட்டுப் பெறப்படுவது. 152 இடங்களைப் பெற்ற காங்கிரஸ் முன்னதேயன்றிப் பின்னதன்று. பேச்சு வழக்கிலும் செய்தி வழக்கிலும் இவ்விரண்டும் ஒன்றாகப் புழங்கும்போது, தனிப்பெருங் கட்சிக்கு ஆளும் உரிமை தானே உண்டு என்னும் எண்ணம் சொல்லின் வழியாகவே நுழைந்துவிடுகிறது.

'சிறுபான்மை அரசு' என்னும் தொடரும் இத்தகையது. சமயம், மொழி ஆகியவற்றின் அடிப்படையிலான சிறுபான்மையினரைக் குறிக்கும் சொல்லே இங்கும் வருவதால் மயக்கம் நேர்கிறது. பழைய உரையாசிரியர்கள் 'பெரும்பான்மை', 'சிறுபான்மை' என்னும் சொற்களை வழக்கின் மிகுதியையும் குறைவையும் குறிக்க ஆண்டனர். சிறுபான்மையாக வரும் வழக்கு வழுவன்று. அருகி வருவது மட்டுமே. அரசியலமைப்பும் இதனையொத்த நோக்குடையது. பேரவையில் பாதிக்கு மேற்பட்டோர் ஆளுங்கட்சியினராக இருக்க வேண்டும் என்று அது எங்கும் கூறவில்லை. அரசு பேரவைக்குப் பொறுப்புடையதாக இருக்க வேண்டும் என்றே கூறுகிறது. பேரவை பொறுத்துக்கொள்ளும் வரை சிறுபான்மை அரசும் சட்டநெறிக்கு உட்பட்டதே.

'முன்னணி' என்பது படையின் முன்வரிசையைக் குறிக்கும் சொல். எதிரி ஒருவனை முன்னிட்டே அச்சொல் பொருள் பெறுகிறது. 'கூட்டணி' என்பதில் சேர்க்கையே முதன்மை பெறுகிறது. 1952இல் அமைந்தது முன்னணியாக இருந்தது, கூட்டணியாக வளரவில்லை.

பின்வந்த நெறிகள்

1952இல் எழுந்த வினா மீண்டும் மீண்டும் எழுந்தது. 1983இல் அமைக்கப்பட்டு 1988இல் அறிக்கை தந்த சர்க்காரியா ஆணையம் ஆளுநர்களுக்கு ஒரு வரிசைமுறையைப் பரிந்துரைத்தது. தேர்தலுக்கு முன் அமைந்த கூட்டணி முதலிலும், பிறர் ஆதரவுடன் உரிமை கோரும் தனிப்பெருங் கட்சி அடுத்தும், தேர்தலுக்குப் பின் அமைந்து உறுப்புக் கட்சிகள் யாவும் அரசில் சேரும் கூட்டணி அதன்பின்னும், சில கட்சிகள் வெளியிலிருந்து ஆதரிக்கும் கூட்டணி இறுதியிலும் அதில் இடம்பெறுகின்றன. பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் பேரவையே என்பதை 1994இல் பொம்மை வழக்கின் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது.

ஆயினும் நடைமுறை ஒரே சீராக இல்லை. 2017இல் கோவாவின் 40 இடங்களில் 17 பெற்ற காங்கிரஸ் தனிப்பெருங் கட்சியாக இருந்தும், 13 இடங்களுடன் பிறர் ஆதரவைத் திரட்டிய பாரதிய ஜனதா கட்சி அழைக்கப்பட்டது. 2018இல் கர்நாடகத்தில் 104 இடங்களைப் பெற்ற பாரதிய ஜனதா கட்சி தனிப்பெருங் கட்சி என்னும் நிலையில் அழைக்கப்பட்டது. தேர்தலுக்குப் பின் கூடிய காங்கிரஸ்-மதச்சார்பற்ற ஜனதா தளக் கூட்டணி காத்திருந்தது. ஆளுநர் அளித்த 15 நாள் காலத்தை உச்சநீதிமன்றம் சுருக்கி, மே 19ஆம் நாளே வாக்கெடுப்பு நடத்தப் பணித்தது. வாக்கெடுப்புக்கு முன்பே எடியூரப்பா பதவி விலகினார். 1952இன் 84 நாள்களோடு இதனை ஒப்பிட்டால் காலவரையறையின் முதன்மை தெளிவாகும்.

வீழ்த்தும் ஆற்றலும் ஆக்கும் ஆற்றலும் வேறு என்பதற்கு 1999ஆம் ஆண்டு நிகழ்ச்சி மற்றொரு சான்று. அவ்வாண்டு ஏப்ரல் 17இல் வாஜ்பாயி அரசு மக்களவையில் 269க்கு 270 என்னும் நிலையில் ஒரே வாக்கில் வீழ்ந்தது. மாற்று அரசுக்குத் தமக்கு 272 பேரின் ஆதரவு உண்டு என்று சோனியா காந்தி குடியரசுத் தலைவரிடம் கூறினார். சமாஜ்வாதிக் கட்சி காங்கிரஸ் தலைமையிலான அரசை ஆதரிக்க மறுத்தமையால் அது கைகூடவில்லை, மக்களவை கலைக்கப்பட்டது. அரசுக்கு எதிராக வாக்களித்த 270 பேரும் ஒரே அரசை விரும்பியவர்கள் அல்லர். 1952இல் காங்கிரசல்லாத 223 பேரைப் பற்றியும் இதனையே கூறவேண்டும்.

முடிவுரை

1952ஆம் ஆண்டுச் சென்னை நிகழ்வை ஆளுநரின் சூழ்ச்சி என்றோ, எதிர்க்கட்சிகளின் இயலாமை என்றோ ஒரு சொல்லில் முடிப்பது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. முன்னணி பெரும்பான்மை பெற்றிருக்கவில்லை, காங்கிரசும் பெற்றிருக்கவில்லை. இருவரது குறையும் ஒன்றாக இருக்க, ஒருவருக்கு மட்டும் அக்குறையை நிறைத்துக்கொள்ளும் காலம் தரப்பட்டது. இது ஆளுநரின் முடிவில் உள்ள குறை. மறுபுறம், காலம் தரப்பட்டிருந்தாலும், மொழி எல்லையும் தலைநகரும் பற்றிய கேள்விக்கு முன்னணியிடம் ஒரே விடை இல்லை. இது முன்னணியின் குறை.

இவ்விரண்டினாலும் இழப்புற்றோர் வாக்காளர்கள். தெலுங்குப் பகுதியும் மலபாரும் அளித்த தெளிவான தீர்ப்பு சென்னையில் அமைந்த ஆட்சியில் எதிரொலிக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஆந்திர மாவட்டங்களில் எழுந்த கொந்தளிப்பை, இம்மனக்குறையினின்று முற்றிலும் பிரித்துக் காண இயலாது. வாக்குச்சீட்டின் வழியாகச் சொல்லப்பட்ட ஒன்று பேரவையில் கேட்கப்படாதபோது அது தெருவில் சொல்லப்படுகிறது. பெரும்பான்மை யாருக்கு என்னும் வினா பேரவையில், விரைவாக, அனைவர் முன்னிலையிலும் விடை காணப்பட வேண்டும் என்னும் நெறியின் தேவையை நான்மொழிப் பேரவையின் அனுபவம் முதற் பொதுத்தேர்தலிலேயே உணர்த்திவிட்டது. அந்நெறி நீதிமன்றத் தீர்ப்பாக வடிவம் பெற மேலும் நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.